உதாரணத்துக்குப் பெரியப்பா

இங்கிலீஷில் மானம் போனவர்கள் எல்லாரும் ஏறக்குறைய ஒரே கதையைத்தான் சொல்வார்கள். முக்கியமான நேரத்தில் வார்த்தை வரவில்லை, நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது, திருதிருவென்று முழித்தேன் என்பார்கள். என் கதை அப்படி இல்லை. எனக்கு வார்த்தை வந்தது. அர்த்தத்தோடும் உதாரணத்தோடும் வந்தது, நிறுத்தப் பார்த்தேன், நிற்கவில்லை. ஞாபக மறதிக்கு வல்லாரை சாப்பிடச் சொல்கிறார்கள். ஞாபகம் அடங்குவதற்கு என்ன சாப்பிட வேண்டும் என்று எனக்கு இன்றுவரை யாரும் சொல்லவில்லை.

இதற்குக் காரணம் நான் வளர்ந்த வீடு. ஸ்ரீரங்கத்தில் சித்திரை வீதியில் இருக்கிறது. அப்பா சாயங்காலங்களில் கூடத்தில் குழந்தைகளை உட்காரவைத்துப் பாசுரம் சொல்லிக்கொடுப்பார். சந்தை சொல்வது என்று அதற்குப் பெயர் (காய்கறி வாங்குகிற சந்தை இல்லை). சொல்லித்தருகிறவர் ஒரு தடவை சொல்வார், கற்றுக்கொள்கிறவர்கள் இரண்டு தடவை திருப்பிச் சொல்ல வேண்டும். நடுவில் தடுமாறினால் விட்ட இடத்திலிருந்து தொடரக் கூடாது, மறுபடி முதல் வரியிலிருந்து வர வேண்டும். அந்தக் கூடத்திலேயே தவழ்ந்து, அந்தக் கூடத்திலேயே தூங்கி வளர்ந்தவள் நான். எதைப் படித்தாலும் எனக்கு அந்த ராகத்தில்தான் உள்ளே போகும். வாய்ப்பாட்டில் ஏழெட்டு எவ்வளவு என்று கேட்டால், உதட்டுக்குள் ஓரேழு ஏழிலிருந்து கிளம்பி வந்துதான் ஐம்பத்தாறைத் தொடுவேன். டீச்சர் அதற்குள் அடுத்த பெண்ணிடம் போயிருப்பார்.

கணக்கில் டிகிரி முடித்துவிட்டு பேங்க் பரீட்சை எழுதிக்கொண்டிருந்த காலம். கணக்கு என்னைத் தூக்கிவிடும், இங்கிலீஷ் காலை வாரிவிடும். தில்லை நகரில் ஒரு கோச்சிங் வகுப்பில் சேர்ந்தேன். அங்கே இருந்த சார் ஒரு முறை வைத்திருந்தார். எந்த வார்த்தையாக இருந்தாலும் முதலில் அதன் வேர்ச்சொல், பிறகு அதே அர்த்தம் வருகிற மூன்று வார்த்தைகள், கடைசியில் ஓர் உதாரண வாக்கியம்.

"உதாரணத்துல ராமன், சீதைன்னு யாரையாவது போடாதீங்க. உங்களுக்குத் தெரிஞ்ச ஆளைப் போடுங்க. அதுவும் உண்மையா இருக்கணும். பொய் மறந்து போயிடும், உண்மை ஒட்டிக்கும்" என்றார் சார். நல்ல யோசனைதான். அவருக்கு எங்கள் பெரியப்பாவைத் தெரியாது, அவ்வளவுதான்.

வகுப்பில் எனக்குக் கிடைத்த தோழி பர்வீன், பாலக்கரைப் பெண். சின்ன வயதில் மதரஸாவில் ஓதிப் பழகியவள். நான் என் வீட்டு சந்தை முறையைச் சொன்னதும், "அட, இதுதானா, இது எனக்கும் வரும்" என்று சம்மணம் போட்டுக்கொண்டாள். மத்தியானங்களில் எங்கள் கூடத்தில் இரண்டு பேரும் எதிரும் புதிருமாக உட்காருவோம். ஒருத்தி ஒரு தடவை சொல்ல, இன்னொருத்தி இரண்டு தடவை சொல்வாள். நான் பக்கவாட்டில் ஆடுவேன், அவள் முன்னும் பின்னும் ஆடுவாள். அம்மா காபியோடு வந்தால் எந்தத் திசையில் நீட்டுவது என்று தெரியாமல் நிற்பாள்.

உதாரணத்துக்கு ஆள் வேண்டும் என்ற இடத்தில்தான் பெரியப்பா நுழைகிறார். அப்பாவின் அண்ணா. ரயில்வேயில் இருந்து ஓய்வு பெற்று எடமலைப்பட்டி புதூரில் தனியாக இருந்தார். பெரியம்மா காலமாகிவிட்டாள், பிள்ளை வெளிநாட்டில். ஏகாதசிக்கு ஏகாதசி பெருமாள் சேவிக்க என்று ஸ்ரீரங்கம் வருவார். சேவித்துவிட்டு எங்கள் வீட்டுக்கு வருவார். வந்தால், வந்ததுதான். காலைக் காபியில் தொடங்குகிற பேச்சு, மத்தியானச் சாப்பாட்டில் ரசத்தை, அதாவது சாத்தமுதைத் தாண்டி, மத்தியானத் தூக்கத்தைத் தாண்டி, விளக்கேற்றின பிறகும் ஓடிக்கொண்டிருக்கும். சிக்னல் கோளாறிலிருந்து சிறுநீரகக் கோளாறு வரை அவருக்குத் தெரியாத விஷயம் கிடையாது. அம்மா வாசல் விளக்கைப் போட்டு, செருப்பை நேராகத் திருப்பி வைத்து, "மழை வர மாதிரி இருக்கு" என்று சித்திரை மாசத்தில்கூடச் சொல்லிப் பார்த்திருக்கிறாள். பெரியப்பா, மழை ஏன் வராது என்று விளக்கிச் சொல்லிவிட்டு இன்னொரு காபி கேட்பார்.

இப்படி ஒருவர் கையெட்டும் தூரத்தில் இருக்கும்போது உதாரணத்துக்கு நான் எங்கே போய்த் தேடுவது?

லொக்வி என்றால் பேசு. லொக்வேஷியஸ். டாக்கடிவ், சாட்டி, காருலஸ். மை பெரியப்பா ஈஸ் லொக்வேஷியஸ். ஈவன் ஹிஸ் காஃபி வெய்ட்ஸ் ஃபார் ஹிம் டு ஸ்டாப். அவர் பேச்சு நிற்பதற்குக் காபிகூடக் காத்திருக்கும். டெர்மினஸ் என்றால் முடிவு. இன்டர்மினபிள். எண்ட்லெஸ், அன்எண்டிங், சீஸ்லெஸ். மை பெரியப்பாஸ் ரயில்வே ஸ்டோரீஸ் ஆர் இன்டர்மினபிள். தேர் ஈஸ் நோ டெர்மினஸ். இவற்றுக்கெல்லாம் சிகரம் ஆம்னிஷியன்ட். ஆம்னி என்றால் எல்லாம், சயன்ஸ் என்பதில் வருகிற சை என்றால் அறிவது. மை பெரியப்பா ஈஸ் ஆம்னிஷியன்ட். ஹி நோஸ் எவ்ரிதிங் எக்ஸெப்ட் வென் டு லீவ். அவருக்கு எல்லாம் தெரியும், எப்போது கிளம்ப வேண்டும் என்பது மட்டும் தெரியாது. இதை அமைத்த அன்று நானும் பர்வீனும் சிரித்த சிரிப்பில் அப்பாவின் மத்தியானத் தூக்கம் போயிற்று.

கொஞ்ச நாளில் எனக்கு வார்த்தைகள் மளமளவென்று ஏறின. இரண்டே இரண்டு வார்த்தைகள்தான் உதாரணம் கிடைக்காமல் நின்றன. ஒன்று டாசிடர்ன், அதாவது வாய் திறக்காத ஆள். எங்கள் குடும்பத்தில் அப்படி ஒருவர் பிறந்ததாகத் தகவல் இல்லை. இன்னொன்று மேக்னானிமஸ். பெரிய மனசுக்காரர், பிறர் செய்த தப்பை மனசில் வைத்துக்கொள்ளாதவர். எங்கள் பக்கத்துக் கல்யாணங்களில் யார் யாருக்குத் தாம்பூலப் பை கொடுக்கவில்லை என்பதை மூன்று தலைமுறையாக ஞாபகம் வைத்திருக்கிறார்கள். அதனால் அந்த வார்த்தையும் அந்தரத்தில் நின்றது.

அந்த வருஷம் நான் எழுதிய பேங்க் பரீட்சைகள் இரண்டும் கைவிட்டன. வீட்டில் ஒரு ஒப்பந்தம் இருந்தது. தை பிறப்பதற்குள் திருச்சியில் ஒரு வேலை கிடைத்தால் என் ஜாதகம் பீரோவிலேயே இருக்கும். கிடைக்காவிட்டால் வெளியே வரும். மார்கழி நெருங்கிக்கொண்டிருந்தது, அம்மா பீரோ சாவியை இடுப்பில் செருகிக்கொள்ள ஆரம்பித்திருந்தாள்.

அப்போது எனக்கு வழிகாட்டியவர் யார் என்று நினைக்கிறீர்கள்? பெரியப்பாவேதான். அவரோடு ரயில்வேயில் வேலை பார்த்த சிநேகிதரின் பெண் கீதா, தில்லை நகரில் ஒரு மாடியில் இங்கிலீஷ் கற்றுத்தருகிற செயலி ஒன்றை நடத்திக்கொண்டிருந்தார். அதற்கு வார்த்தைகளும் உதாரண வாக்கியங்களும் எழுத ஆள் வேண்டியிருந்தது. "நம்ம ரமாவுக்குன்னே அளவெடுத்துத் தைச்ச மாதிரி இருக்கு. நான் பேசிட்டேன், நாளன்னிக்கு இன்டர்வ்யூ" என்றார் பெரியப்பா. அன்றைக்கு அவர் எங்கள் வீட்டில் ராத்திரி தளிகையாகிச் சாப்பிடும் வரை இருந்தார், யாரும் ஒன்றும் சொல்லவில்லை.

இன்டர்வ்யூவுக்கு அவரும் கிளம்பினார். நான் வேண்டாம் என்றேன். "வாசல்லேயே நின்னுக்கறேன்" என்றார். வாசலுக்கு வந்ததும், "கீதாவைப் பாத்து ஒரு வார்த்தை சொல்லிட்டு வந்துடறேன்" என்றார். உள்ளே போனதும், "நீங்க உங்க வேலையைப் பாருங்கோ, நான் ஓரமா உக்காந்துக்கறேன்" என்று ஜன்னலோரம் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார். தன் அப்பாவின் சிநேகிதரை எழுந்து போகச் சொல்ல கீதா மேடத்துக்கு வாய் வரவில்லை; அவர் எனக்கு என்ன உறவு என்று விசாரிக்கவும் இல்லை.

"பயப்படாதீங்க ரமா, சிம்பிள்தான். நான் ஒரு வார்த்தை சொல்வேன். ரூட் என்ன, சேம் மீனிங்ல மூணு வார்த்தை, அப்புறம் ஒரு எக்ஸாம்பிள். கேட்டவுடனே பசங்க மனசுல நிக்கணும்" என்றார் மேடம்.

எனக்குச் சிரிப்பே வந்துவிட்டது. பழம் நழுவிப் பாலில் விழுவது என்பது இதுதான். (அது பழம் இல்லை என்பது கொஞ்சம் பொறுத்துத்தான் தெரிந்தது.)

முதலில் பெனவொலன்ட், பிறர் நன்மையை நினைக்கிறவர். உதாரணம் அம்மா, பிரச்சினை இல்லை. அடுத்தது சோம்னொலன்ட், தூங்குமூஞ்சி. உதாரணம் அப்பா. பெரியப்பா ஜன்னலோரத்திலிருந்து தலையை ஆட்டி ரசித்தார். மேடம் குறித்துக்கொண்டே, "ரொம்ப நல்லா இருக்குங்க. லொக்வேஷியஸ்?" என்றார்.

"லொக்வி என்றால் பேசு. டாக்கடிவ், சாட்டி, காருலஸ்" என்று வேகமாகச் சொல்லிக்கொண்டு போனவள், அடுத்து என்ன வரப்போகிறது என்று தெரிந்து சடக்கென்று நின்றேன். கண்ணுக்கு நேரே பெரியப்பா, மடியில் குடையும், முகத்தில் பெருமையுமாக உட்கார்ந்திருக்கிறார்.

"எக்ஸாம்பிள்?"

"எ பேரட் ஈஸ் லொக்வேஷியஸ்" என்றேன்.

மேடத்தின் முகம் சுருங்கிவிட்டது. "கிளியெல்லாம் வேண்டாங்க, ரொம்பப் பழசு. முன்னாடி சொன்ன மாதிரி நிஜ மனுஷங்களாச் சொல்லுங்க. மறுபடி சொல்லிப் பாருங்க."

மறுபடி சொல்லு. என்னிடம் அந்த வார்த்தையைச் சொல்லியிருக்கவே கூடாது. தடுமாறினால் முதலிலிருந்து என்பது என் ரத்தத்தில் இருக்கிறது. லொக்வி என்றால் பேசு என்று மறுபடி ஆரம்பித்தேன். இந்தத் தடவை ராகம் சேர்ந்துகொண்டது. உடம்பு தானாகப் பக்கவாட்டில் ஆட ஆரம்பித்தது. காருலஸைத் தாண்டியபோது பல்லைக் கடித்து நிறுத்தப் பார்த்தேன். பாலத்தின் நடுவில் வந்த ரயில் நிற்குமா? "மை பெரியப்பா ஈஸ் லொக்வேஷியஸ், ஈவன் ஹிஸ் காஃபி வெய்ட்ஸ் ஃபார் ஹிம் டு ஸ்டாப்."

சொன்னதோடு விட்டேனா? கற்றுக்கொள்கிறவர் இரண்டு தடவை சொல்ல வேண்டும். இன்னொரு தடவையும் சொன்னேன்.

மேடம் விழுந்து விழுந்து சிரித்தார். அந்தச் சிரிப்பு என்னைக் கெடுத்தது. வேலை கிடைத்துவிடும் என்ற ஆசை ஒரு பக்கம், ராகம் ஒரு பக்கம். அவர் "இன்டர்மினபிள்?" என்றார். டெர்மினஸ் இல்லாத ரயில்வே கதைகள் இரண்டு தடவை வெளியே வந்தன. "ஆம்னிஷியன்ட்?" என்றார். பெருமாளே, உன்னையே உதாரணமாகப் போட்டுவிடுகிறேன், என்னைக் காப்பாற்று என்று மனசுக்குள் வேண்டிக்கொண்டேதான் வாயைத் திறந்தேன். "ஹி நோஸ் எவ்ரிதிங் எக்ஸெப்ட் வென் டு லீவ்" என்று வந்தது. அதையும் இரண்டு தடவை, கண்ணை மூடிக்கொண்டு, தலையை ஆட்டிக்கொண்டு சொன்னேன்.

மேடம் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "இந்தப் பெரியப்பா கேரக்டர் பிரமாதமா இருக்குங்க. கற்பனையா, நிஜமா?"

 ஜன்னலோரத்திலிருந்து பதில் வந்தது.

"நிஜம்தாம்மா. நான்தான்."

மேடம் பேனாவை மூடி வைத்தார். அப்புறம் தெரிவிக்கிறோம் என்றார் மேடம். எழுந்து வந்துவிட்டோம்.

சத்திரம் பஸ் ஸ்டாண்டுக்கு வந்து ஸ்ரீரங்கம் பஸ் ஏறினோம். பெரியப்பா ஒரு வார்த்தை பேசவில்லை. காவிரிப் பாலம் வந்தது. பாலத்தைப் பார்த்தால் அவருக்கு ரயில் பாலம் ஞாபகம் வரும், ரயில் பாலம் வந்தால் ஒரு வெள்ளக் கதை வரும். நான் பிறந்ததிலிருந்து அந்தக் கதையைக் கேட்காமல் அந்தப் பாலத்தை அவரோடு தாண்டினதில்லை. அன்று வெளியே பார்த்துக்கொண்டே வந்தார். டாசிடர்ன் என்ற வார்த்தைக்கு உதாரணம் கிடைத்துவிட்டது. அந்த நிமிஷம் அது எனக்கு வேண்டவே வேண்டாம் என்று இருந்தது.

வீட்டுக்கு வந்ததும் தீர்த்தம் கேட்டுக் குடித்தார். அம்மா இலை போடட்டுமா என்றாள். "இல்லை, நான் கிளம்பறேன்" என்றார். கிளம்பிவிட்டார். அப்பா வாசல்வரை ஓடிப்போய்ப் பார்த்துவிட்டு வந்து, "அண்ணாவுக்கு உடம்பு சரியில்லையா? டாக்டர்கிட்ட அழைச்சுண்டு போகணுமா?" என்று பதறினார். அம்மா நேராகத் திருப்பி வைத்திருந்த செருப்பு அப்போதுதான் முதல்தடவையாகப் பயன்பட்டது. நான் அறைக்குள் போய் அழுதேன்.

அவர் அடுத்த ஏகாதசிக்கு வரவில்லை. அப்பா போன் செய்தால், நன்றாக இருக்கிறேன் என்று வைத்துவிட்டார். நான் நடந்ததைச் சொன்னதும் அப்பா என்னைத் திட்டவில்லை. "என் அண்ணா பேசி நான் பாத்திருக்கேன், பேசாம இருந்து பாத்ததில்லைடி" என்று மட்டும் சொன்னார். திட்டியிருந்தால் தேவலை. தை, ஜாதகம், வேலை எதுவும் எனக்குப் பெரிதாகத் தெரியவில்லை. வந்தால் போகாத மனுஷரை நான் வராமல் செய்துவிட்டேனே என்பதுதான் உறுத்தியது.

பர்வீனைத் துணைக்குக் கூட்டிக்கொண்டு எடமலைப்பட்டி புதூருக்குப் போனேன். "பாதி சிரிப்பு என்னுது, பாதித் திட்டை நான் வாங்கிக்கிறேன்" என்றாள் அவள். தெருமுனையிலேயே சத்தம் கேட்டது. பெரியப்பா வீட்டில்தான். கூடத்தில் டிவியில் செய்தி ஓடிக்கொண்டிருந்தது, சமையலறையில் ரேடியோவில் யாரோ விவசாயம் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்கள். இரண்டையும் கேட்பதற்கு அவர் ஒருவர்தான்.

"எதுக்கு பெரியப்பா ரெண்டையும் போட்டிருக்கேள்?" என்றேன். மன்னிப்புக் கேட்க ஒத்திகை பார்த்துக்கொண்டு போன வாக்கியம் வேறு, வந்தது இது.

"ஆத்துல யாராவது பேசிண்டிருந்தா நன்னாயிருக்கும்."

நான் உட்கார்ந்துவிட்டேன். தப்புப் பண்ணிட்டேன் பெரியப்பா என்று ஆரம்பித்தேன்.

"உன் வாக்கியம் எல்லாம் சரிதான். ஒண்ணுதான் தப்பு" என்றார் அவர். "எப்பக் கிளம்பணும்னு எனக்கு நன்னாவே தெரியும். உங்கம்மா செருப்பைத் திருப்பறதும் தெரியும், மழை வராதுன்னும் தெரியும். கிளம்பி இங்க வந்து நான் யாரோட பேசறது, சொல்லு."

பர்வீன் துப்பட்டாவால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். நான் என்ன செய்தேன் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

அந்த நேரம் பார்த்து அவர் போன் அடித்தது. கீதா மேடம். பெரியப்பா பேசுவதையே பார்த்துக்கொண்டிருந்தேன். "சொல்லும்மா... இல்லையில்லை, கோவமெல்லாம் இல்லை... அப்படியா? தினமுமா?... எத்தனை நேரம்னாலும் சரிதான்... எதைப் பத்தி வேணா பேசலாம்... ஒரு தடவை குட்ஸ் வண்டி ஒண்ணு..." என்று ஆரம்பித்து, அந்தக் குட்ஸ் வண்டி போக வேண்டிய ஊர் போய்ச் சேர்ந்த பிறகுதான் வைத்தார்.

"வேலை கிடைச்சாச்சு" என்றார்.

"எனக்கா பெரியப்பா?"

"எனக்குடி."

விஷயம் இதுதான். அந்தச் செயலியில் படிக்கிறவர்கள் இங்கிலீஷில் பேசிப் பழக யாருக்காவது போன் செய்ய வேண்டும். அதற்கு ஆள் போட்டால் ஒருவரும் நிலைக்கவில்லை. ஐந்து நிமிஷத்தில் பேச்சு தீர்ந்துபோகிறது, இல்லையென்றால் அலுத்துப்போய் வைத்துவிடுகிறார்கள். அலுக்காமல் பேசுகிற, எல்லா விஷயமும் தெரிந்த, தானாகக் கிளம்பாத ஒருவரைக் கீதா மேடம் வெகுநாளாகத் தேடிக்கொண்டிருந்தாராம். நான் ஆடிக்கொண்டே சொன்ன மூன்று வாக்கியங்களைவிட நல்ல சிபாரிசு உண்டா? அதையும் இரண்டிரண்டு தடவை சொல்லியிருக்கிறேன். என்னைப் பற்றி மேடம் என்ன சொன்னார் என்று கேட்டேன். "நல்ல பொண்ணாம், கொஞ்சம் ஆடறதாம்" என்றார் பெரியப்பா.

அவர் ரேடியோவை நிறுத்தினார், டிவியை நிறுத்தினார், எங்களுக்குக் காபி போட எழுந்தார். "இன்னும் என்னை வச்சு எழுதாத வார்த்தை ஏதாவது பாக்கி இருக்கா?" என்று சமையலறையிலிருந்து குரல் வந்தது. நான் வாயை மூடிக்கொண்டேன். பர்வீன் மூடவில்லை.

"மேக்னானிமஸுக்கு மட்டும் ஆள் கிடைக்கல பெரியப்பா."

"அப்படின்னா?"

"மேக்னஸ்னா பெருசு, அனிமஸ்னா மனசு. தப்பு செஞ்சவங்களைப் பெருந்தன்மையா மன்னிக்கிறவங்க" என்றாள்.

பெரியப்பா டவராவோடு வந்து எதிரே நின்றார். "இவ என்னைப் பத்தி ஊர் சிரிக்கச் சொல்லியிருக்கா. அப்படியும் நான் இவளுக்குக் கள்ளிச்சொட்டா, திக்கா காபி போட்டுத் தரேன். இன்னும் எதுக்கு ஆளைத் தேடறேள்? சந்தை சொல்லுங்கோ, கேக்கறேன்."

அவர் ஒரு தடவை சொல்ல, நாங்கள் இரண்டு தடவை சொன்னோம். நான் பக்கவாட்டில் ஆட, பர்வீன் முன்னும் பின்னும் ஆட, காபி ஆறிக்கொண்டிருந்தது.

தை பிறந்தது. ஜாதகம் பீரோவை விட்டு வெளியே வந்து, ஊர் சுற்றி, நல்ல இடத்தில்தான் நின்றது. பேங்க் வேலை அதற்கு அடுத்த வருஷம் கிடைத்தது. பர்வீன் காட்டூரில் ஒரு பள்ளிக்கூடத்தில் இங்கிலீஷ் டீச்சர். அவள் வகுப்புக் குழந்தைகள் எல்லாம் முன்னும் பின்னும் ஆடுவதாகக் கேள்வி. எங்கள் உறவில் யாருடைய பிள்ளையாவது வேலை இல்லாமல் இருந்தால், கல்யாணப் பந்தியில் யாராவது ஒருவர் கட்டாயம் சொல்வார்: "ரமாவை இன்டர்வ்யூவுக்கு அனுப்பு, கூட இவனும் போகட்டும். அவளுக்குக் கிடைக்காது, இவனுக்குக் கிடைச்சுடும்." நானும் சேர்ந்து சிரித்துவிட்டு அப்பளத்தை நொறுக்குவேன்.

பெரியப்பா இப்போதும் ஸ்ரீரங்கம் வருகிறார். ஆனால் பாதிக் காபியில் கடிகாரத்தைப் பார்க்கிறார். யாரோ ஒரு பையன் கோயம்புத்தூரிலிருந்தோ குவைத்திலிருந்தோ பேசக் காத்திருப்பானாம். போன மாதம் நானும் அம்மா வீட்டுக்குப் போயிருந்த அன்று வந்தவர், வெள்ளக் கதையை நடுவில் நிறுத்திவிட்டு எழுந்துவிட்டார். அம்மா அவர் செருப்பை எடுத்து உள்ளே ஒளித்து வைத்திருந்தாள். "மழை வர மாதிரி இருக்கு, இருந்துட்டுப் போங்கோ" என்றாள். பெரியப்பா வானத்தைப் பார்க்கவே இல்லை. வாசலில் நின்று என்னைப் பார்த்து, பக்கவாட்டில் ஆடிக்கொண்டே சொன்னார்.

"ஹி நோஸ் எவ்ரிதிங், இன்க்ளூடிங் வென் டு லீவ்."

இரண்டு தடவை சொல்லிவிட்டு, செருப்பைக் கொண்டுவரச் சொன்னார்.